ஆயிரத்துப் பத்தில் நின்ற கூட்டம்

விளம்பரத்தில் 'வயது முப்பதுக்குள்' என்று போட்டிருந்தோம். அவர் வந்து உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து அந்தப் பேப்பர் துண்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். தனக்கு முப்பத்தாறு ஆகிறது என்று தானாகவே சொன்னார். எனக்கு அப்போது இருபத்தெட்டு. ஆள் எடுப்பது அதுதான் முதல் தடவை. வருத்தமாகச் சிரிக்கவேண்டிய இடம் என்று நினைத்துச் சிரித்தேன்.

"இந்த முப்பதை யாருங்க சார் போட்டது?"

நான்தான் என்றேன்.

"ஏனுங்க முப்பது?"

யோசித்துப் பார்த்தேன். மதுரைக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து எழுதியது. அதில் முப்பது என்று இருந்தது. வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் என் மேசையிலிருந்த பேனாவையே எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அந்த வரியை அடித்தேன். அடித்து முடித்த பிறகுதான், இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவரை வேலைக்கு எடுத்துவிட்டோமோ என்று தோன்றியது.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியாவது என் நம்பரைத் தேடிப் பிடித்து, இதில் நான்கு தகவல் பிழை என்று வரிசையாகச் சொல்வார். ஆபீசில் எல்லோருக்கும் அவர் மேடம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஆபீஸ் திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி, நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், தோல் வியாபாரி. சென்னையில் கம்ப்யூட்டர் படித்த மகன் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்வான் என்று நம்பி இந்த இன்டர்நெட் கம்பெனியை ஆரம்பித்தார். மகன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். கம்பெனி பாயிடமே தங்கிவிட்டது. கம்ப்யூட்டரை அவர் கடைசிவரை 'மிஷின்' என்றுதான் சொன்னார். நான் மேனேஜர். மேடம் சர்வரை, அதாவது எங்கள் இணையப் பக்கங்களை ஊருக்கெல்லாம் அனுப்பும் கம்ப்யூட்டரை, பார்ப்பவர். அவரோடு சேர்த்து ஆறு பேர்.

மேடம் பழனிக்காரர். அவருடைய அப்பா அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். இருபத்திரண்டு அறை. மேடமும் பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் பன்னிரண்டு வருடம் அதே லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர்தான். முப்பத்திரண்டு வயதில், கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தார். லாட்ஜ் பழக்கமோ பிறவிக் குணமோ, 'இவ்வளவுதான்' என்று எங்கே எழுதியிருந்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள், தாண்டினால் என்ன ஆகும் என்று பார்க்காமல் விடமாட்டார். பஸ்ஸில் 'நிற்க 25' என்ற எழுத்துக்கு நேர்கீழே நின்றுகொண்டு தலைகளை எண்ணி, தான் நாற்பத்தொன்றாவது ஆள் என்று கண்டக்டரிடம் மரியாதையாகத் தெரிவிப்பார். கண்டக்டர் எறங்குறீங்களாம்மா என்பார். இல்லீங்க, தெரிஞ்சு வெச்சுக்குங்கன்னு சொன்னேன் என்பார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெஸ்ஸில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று புதிதாகப் போர்டு வைத்தார்கள். அந்தப் போர்டு மேடத்தை ஒரு வாரம் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு போனார். வாசலிலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் சோறு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒருவர் ரசம், ஒருவர் பொரியல். எனக்கு அப்பளம். அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டார். நான் நான்காவது அப்பளம் கேட்டபோது பரிமாறுபவர் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. அவருக்குப் பதில் மெஸ்காரரே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நோட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எந்த ஆபீசுலருந்து வாறீக?" என்று பயந்த குரலில் கேட்டார்.

சுகாதாரத் துறை என்று நினைத்துவிட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள் இலைக்கு ஒரு கிண்ணம் பாயசம் வந்தது. மேடம் அதையும் குறித்துக்கொண்டார். திரும்பி நடக்கும்போது, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வர, அவர் விளக்கினார். சோற்றுக்கு அண்டா அண்டாவாக வைத்திருக்கிறார்கள், அது தீராது. ரசம் தண்ணீர் ஊற்றினால் பெருகும். ஆனால் அப்பளம் காலையில் எண்ணிப் பொரித்தது.

"போர்டுல என்ன வேணா எழுதலாங்க சார். எது மொதல்ல தீருதுன்னுதான் பாக்கோணும்."

ஒரு வருடம் மலேசியாவிலிருந்து லாட்ஜுக்கு வழக்கமாக வருகிறவர்கள் சிலர், தைப்பூசத்துக்கு இந்தத் தடவை வர முடியவில்லை என்று மேடத்தின் அப்பாவுக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மேடம் பாயிடம் ஒரு யோசனை சொன்னார். லாட்ஜ் மொட்டை மாடியில் ஒரு கேமரா. அங்கிருந்து பார்த்தால் தேர் போகும் தெருவும் பின்னால் மலையும் படிக்கட்டும் மலையேறும் விஞ்சு ரயிலும் தெரியும். போன் லைன் வழியாகப் பத்து நொடிக்கு ஒரு படம், நாங்கள் அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்திருந்த சர்வருக்குப் போகும். உலகத்தில் எங்கிருந்தும் அதைத் திறந்து பார்க்கலாம். படம் ஓடாது, நிற்கும். ஆனால் பத்து நொடிக்கு ஒரு தடவை மாறும். பாய் இரண்டு நாள் யோசித்தார். நம்ம ஊர்க்காரங்க பாக்கட்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

தைப்பூசத்தன்று காலையிலிருந்தே ஆபீசில் கல்யாண வீட்டுக் களை. எத்தனை பேர் சர்வரோடு இணைந்திருக்கிறார்கள் என்று காட்ட ஒரு திரையை மேடம் தயார்செய்து வைத்திருந்தார். முந்நூறு என்றது. அறுநூறு என்றது. பதினொரு மணிக்கு ஆயிரத்தைத் தாண்டியது. பாய் அல்வா வாங்கிவரச் சொன்னார். ஆயிரம் பேரு, ஆயிரம் பேரு என்று கீழே கிடங்கில் தோல் அடுக்குகிறவர்களிடமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மேடம் அல்வாவைத் தொடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்துப் பத்து. ஐந்து நிமிடம் கழித்தும் ஆயிரத்துப் பத்து. சாப்பாட்டு நேரம் தாண்டியும் அதே ஆயிரத்துப் பத்து.

"கூட்டம்னா ஏறும், எறங்கும். இது செவுத்துல சாஞ்சு நிக்குதுங்க" என்றார்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்படி என்னிடம் சொன்னார். பக்கம் வரவே இல்லை. அதே நேரம் போன் அடித்தது. மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒருவர், காலையிலிருந்து முயற்சி செய்கிறேன், திறக்க மாட்டேன் என்கிறதே என்று கேட்டார். ஆக, ஆயிரம் பேர் உள்ளே. வெளியே எத்தனை பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

காரணத்தை மேடம் உடனே கண்டுபிடித்தார். சர்வரில் ஓடும் ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் எத்தனை ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கலாம் என்று அந்த மிஷினுக்குள்ளேயே ஓர் எண் எழுதியிருக்கும். வந்து சேரும் ஒவ்வொரு ஆளையும் அது ஒரு ஃபைலாகத்தான் கணக்கு வைக்கும். வழக்கமாக அந்த எண் ஆயிரத்து இருபத்து நான்கு. சொந்தக் காரியத்துக்குப் புரோகிராம் பதினான்கை எடுத்துக்கொண்டது போக, மிச்சம் ஆயிரத்துப் பத்து. யாரோ எப்போதோ எழுதி வைத்தது; கூட்டியும் வைக்கலாம். ஆனால் கூட்டினால் புரோகிராமை ஒரு தடவை நிறுத்தி ஓடவிட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 'விழா முடியும்வரை யாரும் சர்வரைத் தொடக் கூடாது' என்று நானே முந்தின நாள் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேடத்தின் மானிட்டர்மேல் ஒட்டியிருந்தேன். ஓடுகிறதை நோண்டக்கூடாது என்று பாயும் சொல்லியிருந்தார். பாய் அப்போது தொழுகைக்குப் போயிருந்தார். மேடம் அந்தத் தாளைக் கவனமாகப் படித்தார். பிறகு எழுந்து, நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"நான் தொடலைங்க சார். நீங்களே தொடுங்க. நான் சொல்றதை மட்டும் அடிங்க."

'யாரும்' என்றால் நானும்தான் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரத்துப் பத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை பரபரக்க ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எண் வந்தபோது அவர் ஐயாயிரம் என்றார். போடுவதுதான் போடுகிறோம் என்று நான் இன்னொரு பூஜ்யத்தைச் சேர்த்து ஐம்பதாயிரம் ஆக்கினேன். அவர் அதைப் பார்த்தார். தடுக்க வேண்டியவர் அவர். ஆனால் முகத்தில் அந்த மெஸ் வாசலில் பார்த்த அதே சிரிப்பு.

"பாப்பமுங்க" என்றார்.

நிறுத்தி ஓடவிட்டதும் எண் எகிறியது. இரண்டாயிரம். மூவாயிரத்து எழுநூறு. வெளியே இவ்வளவு பேர் காத்திருந்தார்களா என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஆறாயிரத்து இருநூறில் திரை அசையாமல் நின்றது. அப்புறம் எதுவுமே வரவில்லை. படம் வரவில்லை, எண் வரவில்லை, சர்வருக்குள் நுழையக்கூட முடியவில்லை.

"மெமரி தீந்துபோச்சுங்க" என்றார் மேடம். "அப்பளம்."

ஒவ்வொரு ஆளும் உள்ளே நிற்க மிஷினின் ஞாபகத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டினோம். இடத்தை யாரும் கூட்டவில்லை. இனி அமெரிக்காவில் ஒருவர் கையால் அதை அணைத்துப் போட்டால்தான் உண்டு. மேடம் போன் போட்டார். அங்கே விடிகாலை. எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில், இம்மாதிரி வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகும் என்றாராம். நான்கு என்று யார் சொன்னது என்று மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது என்றார் அவர். அங்கேயிருந்து மிஷினுக்கு எவ்வளவு தூரம் என்று அடுத்த கேள்வி. நாற்பது அடி இருக்கும் என்றார். நாற்பது அடிக்கு நான்கு மணி நேரமா என்றார் மேடம். அந்த ஆள் சிரித்துவிட்டு நடந்துபோனார்.

அதற்குள் அடுத்த போன் அடித்தது. மறுபடி அதே ஈப்போ பெரியவர். இப்போதுதான் படம் தெரிந்தது, தேர் கிளம்பப்போகிற நேரத்தில் காணாமல் போய்விட்டதே என்றார். நடக்க முடியாமல் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறவராம். நான் ஏதோ இயற்கைக் கோளாறு என்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தேன். மேடம் ரிசீவரை வாங்கினார்.

"நாங்கதானுங்க ஐயா நிறுத்திப்போட்டோம். தப்பு எங்களுது. அப்படியே லைன்ல இருங்க."

ஆபீசில் இன்னொரு போன் உண்டு. அதில் பழனிக்குக் கூப்பிட்டு, மொட்டை மாடியில் கேமராவுக்கு இழுத்த லைனைக் கழற்றி அதில் ஒரு போனை மாட்டும்படி அப்பாவிடம் சொன்னார். சர்வர் எழுகிறவரை அந்த லைன் சும்மாதானே இருக்கப்போகிறது. பிறகு அந்த மாடி நம்பருக்குக் கூப்பிட்டார். இரண்டு ரிசீவர்களையும் தலைகீழாகச் சேர்த்து வைத்து, ஒன்றின் வாய் மற்றொன்றின் காதோடு ஒட்டும்படி என் கையில் கொடுத்து, அசையாம புடிச்சுக்குங்க என்றார்.

நான் அப்படியே நின்றேன். பழனியில் மேடத்தின் அப்பா மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஈப்போவில் படுத்திருப்பவருக்கு, என் உள்ளங்கைகள் வழியாகத் தேரைக் காட்டிக்கொண்டிருந்தார். "வடம் புடிச்சுட்டாங்க... நவுந்துருச்சுங்க... முக்குல நிக்குது. கட்டை போடறாங்க... இல்லீங்க, பெரிய கூட்டம், தலைதான் தெரியுது." அந்தப் பக்கத்திலிருந்து அரோகரா என்று மெல்ல ஒரு குரல். எனக்குத் தோள் வலித்தது. அசையவில்லை.

இந்தப் பக்கம் சர்வர் எழுந்துவிட்டது. மேடம் இப்போது தாளையெல்லாம் பார்க்கவில்லை, தானே தொட்டார். எண்ணைத் தான் முதலில் சொன்ன ஐயாயிரத்திலேயே நிறுத்தினார். இடம் கிடைக்கும்வரை சர்வர் வாசலில் நூற்றுச்சொச்சம் பேர் மட்டும் நிற்கலாம் என்றிருந்த வரிசையை ஆயிரமாக நீட்டினார். இனி கேமரா லைன் திரும்ப வேண்டும். அதற்கு ஈப்போ பெரியவர் போனை வைக்க வேண்டும்.

அவர் வைக்க மாட்டேன் என்றார். படம் வேண்டாம், இதுவே கண்ணில் தெரிகிறது என்றார். அப்பாவும் மகளுக்கு உதவுகிற மாதிரி இல்லை. தேரின் கலசத்திலிருந்து ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருந்தார். மேடம் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினார்.

"ஐயா, நீங்க வெச்சாத்தானுங்க மத்த ஆறாயிரம் பேத்துக்குப் படம் போகும்."

அதைச் சொன்னவர் அப்படியே நிறுத்தி, திரையைத் திரும்பிப் பார்த்தார். லாட்ஜ் ஞாபகம் வந்துவிட்டதாம்: தைப்பூசத்தன்று அங்கே யாருக்கும் தங்க அறை கிடையாது. குளிக்கலாம், பையை வைக்கலாம், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இருபத்திரண்டு அறையில் ஐந்நூறு பேர் குளித்துப் போவது அப்படித்தான். எங்கள் சர்வரிலோ, படத்தை வாங்கியவர் அடுத்த படத்துக்காகப் பதினைந்து நொடி இடத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். பத்து நொடியில் அடுத்த படம் வந்துவிடும். அதனால் வந்தவர் எவரும் போகவே இல்லை. மேடம் அந்தப் பதினைந்தை இரண்டே நொடியாகக் குறைத்தார். பெரியவர் கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வைத்தார்.

படம் வந்தது. தேர் இன்னும் அதே முக்கில்தான் நின்றுகொண்டிருந்தது. அன்று முழுக்க அதற்கப்புறம் ஒரு தடவைகூட நிற்கவில்லை, சர்வரைச் சொல்கிறேன்.

தொழுகை முடித்து, வழியில் யாரையோ பார்த்துவிட்டு வந்த பாய், திரையில் ஆயிரத்து ஐந்நூறைப் பார்த்து முகம் வாடினார். ஆறாயிரம் வரை போனதாகக் கீழே கேள்விப்பட்டிருந்தார். வந்து வந்து போவதால் ஒரே நேரத்தில் நிற்கும் ஆள் குறைவாகத் தெரிகிறது, பார்க்கிறவர்கள் அதைவிடப் பல மடங்கு என்று மேடம் சொன்னது அவருக்குச் சமாதானமாக இல்லை. பெரிய எண்ணே இருந்திருக்கலாமே என்றார். அப்புறம்தான் அவர் கண் மானிட்டர்மேல் இருந்த தாளுக்குப் போனது.

"நடுவுல நின்னுச்சாமே. யாரும்மா தொட்டது?"

"நின்னப்ப தொட்டது நானில்லீங்க பாய்" என்றார் மேடம். சத்தியமான வார்த்தை. சொல்லிவிட்டு அல்வாத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஒரு பூஜ்யம் கூடப் போட்டதை நான் ஒப்புக்கொண்டேன். பாய் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளில் 'யாரும்' என்பதை அடித்து, மேலே 'மேனேஜர்' என்று எழுதினார். அது கிழியும்வரை இரண்டு வருடம் அங்கேயே இருந்தது.

அடுத்தடுத்த வருடங்களில் தைப்பூசம் எங்களுக்குச் சாதாரண வேலை நாளாகிவிட்டது. பிறகு டிவியிலேயே நேரடியாகக் காட்ட ஆரம்பித்தார்கள். பத்து நொடிக்கு ஒரு படத்தைப் பார்க்க யார் உட்காருவார்கள்? எண் நூறாகி, முப்பதாகி, ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. லாட்ஜ் கைமாறி, புது ஆட்கள் மேலே ஒரு மாடி எழுப்பப்போவதாகக் கேமராவைக் கழற்றச் சொன்னார்கள். இனி எதுக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நிறுத்திருங்க என்றார் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கரைக்குத் திரையில் ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து ஆனது. ஒன்று, பூஜ்யம். நான் நிறுத்திவிடலாமா என்றேன். மேடம் யார் என்று பார்க்காமல் நிறுத்தமாட்டேன் என்று அந்த ஆள் எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்று தேடினார். எழுந்து, என்னையும் வரச்சொல்லிச் சைகை காட்டிவிட்டு, பாயின் அறைப் பக்கம் நடந்தார்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மானிட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். படத்தில் மலை. விஞ்சுக்குக் கீழே நாலைந்து பேர். ஒரு சின்னப் பிள்ளை கையிலிருந்த சிவப்பு பலூன் நழுவி மேலே போய்க்கொண்டிருந்தது. போன படத்துல கையில இருந்துச்சு என்று எங்களைப் பார்க்காமலே சொன்னார். அடுத்த படத்தில் அது லாட்ஜ் மாடி உயரத்துக்கு வந்திருந்தது. மேடம் சத்தம் போடாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அஞ்சு ஆயிருச்சாம்மா?" என்று கேட்டார் பாய்.

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தை மேடம் நிமிர்ந்து நன்றாகப் பார்த்தார். ஐந்து இருபது.

"இன்னும் ஆகலீங்க பாய்" என்றார்.